ஆலைவாசலோடு நின்ற காப்பீடு

இந்தியாவில் அரசு மருத்துவக் காப்பீட்டின் வரலாறு வயலில் தொடங்கவில்லை, ஆலையில் தொடங்கியது. தொழிலாளர்க்கான நலக் காப்பீட்டுத் திட்டமொன்றை வகுக்கும் பணி 1943இல் பேராசிரியர் பி. பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் அளித்த அறிக்கையை அடியொற்றி 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் பருவகால ஆலைகளுக்கு விலக்களித்தது. பருத்தி அரைத்தல், சணல் பொதியடித்தல், நிலக்கடலை உடைத்தல், சர்க்கரையும் வெல்லமும் காய்ச்சுதல், தேயிலை பதப்படுத்துதல் ஆகியவை அவ்விலக்கில் அடங்கின. கிராமத்துக் கூலியாளர் ஆண்டின் சில மாதங்கள் மட்டும் நாடிச் சென்ற தொழில்கள் பல இவற்றுள் இருந்தன. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலையில் நிலைத்தவருக்குச் சிகிச்சையும், நோயுற்ற நாள்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியும் கிடைத்தன. வயலுக்கும் ஆலைக்கும் இடையே மாறி மாறி உழைத்தவருக்கோ இரண்டும் எட்டவில்லை. காப்பீடு வேண்டுமெனில் வேளாண்மையைத் துறக்க வேண்டும் என்பதே சட்டம் சொல்லாமல் சொன்ன நிபந்தனை.

2008இல் வந்த ராஷ்டிரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. வேலையளிப்பவரை விடுத்து, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தை அது அலகாகக் கொண்டது. 30 ரூபாய் பதிவுக் கட்டணத்தில் ஐவர் வரையிலான குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சை கிடைத்தது. புலம்பெயரும் தொழிலாளி அட்டையை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தன்னுடன் கொண்டுசெல்லவும் வழி இருந்தது. பின்னர், முந்தைய ஆண்டில் 15 நாள்களுக்கு மேல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் உழைத்தோரும் சேர்க்கப்பட்டனர். வேலைக்கும் காப்பீட்டுக்குமான பிணைப்பு, இம்முறை கிராமத்திலேயே, மீண்டும் தோன்றியது.

2018இல் ஆயுஷ்மான் பாரத் வரம்பை 5 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. குடும்பங்களைத் தேர்ந்தெடுக்க 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு அடிப்படையாயிற்று.

எனினும், ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியளித்த நோய்க்கால ஊதியம் இவ்விரு திட்டங்களிலும் இல்லை. மருத்துவமனைக் கட்டணம் தீர்ந்தாலும், படுக்கையில் கழிந்த நாளின் கூலியை ஈடுசெய்வார் இல்லை. ஆகவே, காப்பீடு கூலியாளரின் வேலைத் தேர்வை எவ்வளவு தூரம் விடுவித்தது என ஆராய்வோர், கட்டணச் சேமிப்பை மட்டும் அளந்து நிறுத்தலாகாது. இழந்த கூலியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.