குறுக்கே வந்த காளை

ஓடும் ரயிலில் ஒரு மனுஷன், உடம்பில் பொட்டுத் துணிகூட இல்லாமல் படுத்திருக்கிறார். கூட இருப்பவர்கள் அவருடைய கால்களைப் பரபரவென்று தேய்த்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான். ஊர் வந்துவிட்டால் வெற்றி, பரிசு, கைதட்டல்! அப்போது தடாலென்று ஒரு சத்தம். தண்டவாளத்தின் குறுக்கே வந்து நின்ற காளை மாட்டின்மீது ரயில் மோதி... பெட்டி கவிழ்ந்தே போனது!

நடந்தது 1911 ஆகஸ்ட்டில். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது பெல்லிங்ஹாம் என்கிற துறைமுக ஊர். கடற்கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் பனி மூடிய எரிமலை, மவுண்ட் பேக்கர். உயரம் 3,286 மீட்டர். இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டும், சுற்றுலாப் பயணிகள் குவிய வேண்டும், கல்லா நிரம்ப வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சங்கம் வைத்துக் கணக்குப் போட்டார்கள். விளம்பரத்துக்கு ஒரு பந்தயமும் வைத்தார்கள்.

விதி ரொம்ப எளிமை. ஊரிலிருந்து கிளம்பி, மலை உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அடிவாரம் வரை டெமிங் வழியாகக் காரில் போகலாம். இல்லாவிட்டால் கிளேசியர் என்கிற ஊருக்கு ரயிலில் போகலாம். அதற்கு மேல் கால்தான். காட்டுப் பாதை, பாறை, பனி என்று ஏறி இறங்குவதே போக வர 45 கிலோமீட்டருக்குக் குறையாது. அதுவும் இரவில் கிளம்பி!

ரயிலில் போன ஹார்வி ஹாகர்ட் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிச் செல்கிற தொழில் செய்தவர். உச்சியைத் தொட்டு முதல் ஆளாக இறங்கி, ரயிலேறிப் படுத்தபோதுதான் அந்தக் காளை வந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? மாட்டைத் திட்டுவோம். டிரைவரைத் திட்டுவோம். ‘நம்ம ஜாதகமே இப்படித்தான்’ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். ஹாகர்ட் என்ன செய்தார் தெரியுமா? கவிழ்ந்த ரயிலிலிருந்து வெளியே வந்தார். கிடைத்த குதிரை வண்டியில் ஏறினார். பிறகு குதிரை. அது கீழே தள்ளிவிட்டது. எழுந்தார். பிறகு ஒரு கார். விடவே இல்லை மனுஷன்!

ஆனாலும் முந்திக்கொண்டவர் ஜோ கால்பிரெய்த் என்கிற மரம் வெட்டும் தொழிலாளி. காரில் போய் வந்த அவருக்கு ஆன நேரம் 12 மணி 28 நிமிடம். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து வந்த ஹாகர்ட்டுக்கு இரண்டாமிடம். ஆனால், ஊர் கொண்டாடியது அவரைத்தான். கிளேசியரில் அவருக்கு ஒரு விருந்து வைத்தார்கள். இலையில் விழுந்தது எது என்று நினைக்கிறீர்கள்? அதே காளை! அடுத்த வருடப் பந்தயத்தில் ஹாகர்ட்தான் ஜெயித்தார்.

1913-ல் விளையாட்டு வினையானது. ஜோவின் உறவினர் விக்டர் கால்பிரெய்த் ஓடும்போது பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டார். பல மணி நேரம் கழித்துத்தான் அவரை உயிரோடு மேலே தூக்கினார்கள். ஊர் நடுங்கிப்போனது. அத்தோடு பந்தயத்துக்கு மூட்டை கட்டிவிட்டார்கள்.

அறுபது வருடம் கழித்து, 1973-ல் அது வேறு வடிவத்தில் பிழைத்து வந்தது. பெயர், ‘ஸ்கீ டு சீ’. பனியிலிருந்து கடல் வரை ஒரு ரிலே. ஆரம்பத்தில் கட்டங்கள் குறைவு. பிறகு வளர்ந்து ஏழாகின. சமதளப் பனிச்சறுக்கு, சரிவில் சறுக்கு, மலையிறங்கும் ஓட்டம், சைக்கிள், இரண்டு பேர் துடுப்புப் போடும் ஆற்றுப் படகு, கரடுமுரடான பாதையில் மறுபடி சைக்கிள், கடைசியாகக் கடலில் கயாக். ஏழு கட்டம், எட்டு பேர், சுமார் 150 கிலோமீட்டர். உச்சிக்கு யாரும் போவதில்லை. பனிச்சறுக்கு மையத்திலிருந்துதான் ஆரம்பம். கடைசி ஆள் கரையேறி மணியை அடித்தால்தான் ஆட்டம் முடியும்.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். ஓட்டக்காரர் நிற்கும் இடத்திலிருந்து கடல் தெரியாது. தன் குழுவின் பனிச்சறுக்குக்காரர் எத்தனை முறை விழுந்தார் என்பதும் தெரியாது. வியர்வையோடு ஒருவர் வருவார், நேரம் கணக்கிடும் சிப்பைக் கொடுப்பார். அவ்வளவுதான், ஓட வேண்டும். ‘ஏம்ப்பா லேட்டு?’ என்று விசாரிக்கிற ஒவ்வொரு விநாடியும் நஷ்டம்.

நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் ஒரு பக்கம் நிரம்பியதும் கூட்டுத்தொகையைக் கீழே எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் ‘முன்பக்கத் தொகை’ என்று ஆரம்பிக்கச் சொல்வார் எங்கள் வாத்தியார். அந்தத் தொகை நஷ்டமாக இருந்தாலும் அழிக்க முடியாது. நம் கையில் இருப்பது இந்தப் பக்கம் மட்டும்தான். கவிழ்ந்த ரயிலை முன்பக்கத் தொகையாக எழுதிவிட்டு, குதிரை வண்டியில் ஏறிய ஹாகர்ட் நல்ல கணக்குப்பிள்ளை!

ஆனால், ‘இந்த நிமிடத்தில் வாழு’ என்கிற உபதேசம் எல்லோருக்கும் பொருந்துமா? ஓடுகிறவர் அடுத்த அடியை மட்டும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பந்தயம் நடத்துகிறவர் அப்படி இருக்க முடியாது. இரவு, பனிப்பிளவு, களைத்த கால்கள் எல்லாவற்றையும் அவர்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும். அந்தப் பெரிய மனிதர்கள் எதிர்காலத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் அதில் கல்லா மட்டும்தான் தெரிந்தது. விக்டர் விழுந்த பிறகுதான் பள்ளம் தெரிந்தது.

அவர்கள் கனவு கண்ட தேசியப் பூங்கா மவுண்ட் பேக்கருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. விளம்பரத்துக்காக ஆரம்பித்த பந்தயம்தான் உருமாறி நின்றது. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கடற்கரையில் அந்த மணி ஒலிக்கும்போது, ஒரு காளைக்கும் அதில் பங்கு உண்டு!