சூப் காணாத கரண்டி

பர்மிங்ஹாமின் எல்கிங்டன் பட்டறைக்காரர்கள் 1840-ல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதுவரை பிரபு வீட்டு மேசையில் மட்டும் கிடந்த வெள்ளிக் கரண்டி அதன் பிறகு குமாஸ்தா வீட்டுக்கும் வந்துவிட்டது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றையும் உருக்கிச் சேர்த்த உலோகம். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. அந்த உலோகத்தைத்தான் நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று கேட்டு வாங்கினோம். இங்கிலாந்தில் மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளிய இந்த மாதிரிக் கரண்டிகளில் கொஞ்சம், சூப் என்றால் என்னவென்றே தெரியாத, கையால் சாப்பிடுகிற ஒரு தீவுக் கூட்டத்துக்குக் கப்பலேறிப் போயின. அங்கே அவற்றுக்கு வாய்த்த வாழ்வு வேறு மாதிரி.

நிக்கோபார் என்னும் அந்தத் தீவுக் கூட்டம் நமக்குப் புதிய இடமல்ல. முதலாம் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் அது மாநக்கவாரம். 1756-ல் டேனிஷ்காரர்கள் அந்தத் தீவுகளைத் தங்களுடையவை என்று அறிவித்தபோது கப்பல் புறப்பட்டது நம் தரங்கம்பாடியிலிருந்து. தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொராவியன் சபைப் பாதிரிமார் 1768-ல் நான்கௌரித் தீவில் குடியேறினார்கள். காய்ச்சல் ஒவ்வொருவராக வாரிக்கொண்டு போக, இருபது ஆண்டுக்குள் மிஞ்சியவர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹென்சல், செலவுக்குப் பணம் போதாமல், சிப்பியும் பாம்பும் சேகரித்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பி விற்றிருக்கிறார். நிக்கோபார் பொருளைக் காட்சிக்கு வைக்க ஆசைப்படும் வாடிக்கையாளர்கள் அப்போதே இருந்தார்கள் என்று பொருள். எதிர்த் திசையில் போனது உலோகம்.

அந்தத் தீவுகளில் உருக்குவதற்குத் தாது கிடையாது. கத்தி, கோடரி, ஈட்டிமுனை, ஊசி எல்லாமே கப்பல் கொண்டுவந்தால்தான். பதிலுக்குக் கொடுக்க அவர்களிடம் தாராளமாக இருந்தது தேங்காய். பர்மியர், மலாய்க்காரர், சீனர், குஜராத்தி வணிகர் என்று யார் வந்தாலும் பேரம் தேங்காயில்தான். ஜோடி ஜோடியாக எண்ணி, இருபது இருபதாகச் சேர்த்து, மூங்கில் சிம்பில் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். வணிகர்கள் பொருளைக் கடனாகக் கொடுத்துவிட்டு, இன்னும் மரத்தில் காய்க்காத தேங்காயைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வதும் நடந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் சர் ரிச்சர்ட் டெம்பிள் எந்தப் பொருளுக்கு எத்தனை தேங்காய் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். ஊசி, தீப்பெட்டி, சிவப்புத் துணி, அரிசி இவற்றோடு கரண்டியும் அதில் வருகிறது. சாப்பாட்டுக்குத் தேவையே இல்லாத ஒரு சாமானுக்குத் தேங்காய்க் குவியலைக் கொடுத்தார்கள் என்றால் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று நினைப்பது சுலபம். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாங்கியவருக்கு அந்தக் கரண்டி எதற்கு என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

முதல் வேலை, செல்வத்தைக் காட்டுவது. கால்கள் மேல் நிற்கும் வட்டக் குடிசை. ஏணி ஏறி உள்ளே போனால் கரண்டியும் முள்கரண்டியும் பளபளவென்று தொங்கும். பெரிய சடங்கு நாட்களில் இவை உடம்புக்கு வரும். நான்கௌரிப் பக்கத்தில் வெள்ளிக் கம்பியைச் சுருள் சுருளாகக் கை, கால் முழுக்கச் சுற்றிக்கொள்வார்கள். நாணயங்களைப் பற்றவைத்துக் கோத்த மாலைகளைப் போட்டுக்கொள்வார்கள். எட்வர்ட் ஹொரேஸ் மேன் எடுத்த புகைப்படங்களில் இதைப் பார்க்கலாம். 1869-ல் ஆங்கிலேயர் கமோர்ட்டாத் தீவில் கைதிகள் குடியிருப்பு அமைத்து 1888 வரை நடத்தினார்கள். அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி மேன். நிக்கோபார் மொழியும் கற்று, அகராதியும் தொகுத்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைத்தவர்.

இரண்டாவது வேலைதான் முக்கியம்.

காய்ச்சல், வலி, திடீர்ச் சாவு எல்லாவற்றுக்கும் காரணம் ஈவி என்னும் ஆவிகள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆளுக்கு நோய் வந்தால் மென்லுவானா என்னும் மந்திர வைத்தியர் வருவார். எந்த ஆவி, எதனால் வந்தது, எதைக் கண்டால் ஓடும் என்று அவர்தான் சொல்வார். அதற்கேற்ப ஓர் உருவம் செய்யப்படும். மனித வடிவம் என்றால் கரியாவ். மீன், முதலை, பறவை, பாதி மீனும் பாதி மனிதனுமான உருவம் என்றால் ஹெந்தாகோய். பலகையிலோ கமுகம்பாளையிலோ தீட்டிய படம் ஹெந்தா. புதுக் கட்டடத்தின் முன்னால் நாக்கை நீட்டி நிற்கும் நம் திருஷ்டி பொம்மைக்குக் கரியாவ் ஒன்றுவிட்ட அண்ணன் முறை ஆகலாம். ஆனால் திருஷ்டி பொம்மையைக் கடையில் வாங்குகிறோம். கரியாவ் ஒரு நோயாளிக்கென்று, ஒரு தடவைக்கென்று செய்யப்பட்டது.

ஒரு கரியாவைக் கிட்டே போய்ப் பாருங்கள். முழங்கால் லேசாக மடிந்து, பாயப் போகிறவன் மாதிரி நிற்கும். கைகளைத் தனியே செதுக்கித் தோளில் ஆப்பு வைத்துப் பொருத்தியிருப்பதும் உண்டு. ஒரு கை ஓங்கியிருக்கும், அதில் ஈட்டி. கண்ணுக்குச் சிப்பி வட்டம் பதித்து நடுவில் கறுப்புப் பாவை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தக் கண் நம்மைப் பார்த்து மினுங்கும். வாய் திறந்து பல் தெரியும். தலையில் பெரும்பாலும் தொப்பி. அதுவும் லண்டன் கனவான் போடும் உயரத் தொப்பி. கழுத்தில் துணிக் கிழிசல், குருத்தோலை. இதோடு கைக்குக் கிடைத்த கண்ணாடித் துண்டும் கரண்டியும் வந்து சேரும். மரத்தைச் செதுக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, எதை எதோடு சேர்ப்பது என்று தீர்மானிப்பது. மினுங்குவது, பிரதிபலிப்பது, தூரத்திலிருந்து கடல் கடந்து வந்தது என்று பொறுக்கி எடுத்த சாமான்கள் அவை. ஊரிலேயே கிடைக்கிற பொருளை ஆவிக்கும் தெரியும். கப்பலில் வந்ததை அதற்குத் தெரியாது என்பதுதான் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

தொப்பி விஷயத்தில் வெள்ளைக்காரர்கள் நிறையச் சிரித்திருக்கிறார்கள். தீவின் தலைவர்கள் கோவணத்தின் மேல் கோட்டும் தொப்பியும் போட்டு, கப்பல் கேப்டன்களின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு கப்பல்காரரிடமும் நற்சான்றிதழ் எழுதி வாங்கினார்கள் என்று ஒவ்வொரு பயண நூலிலும் ஒரு பத்தி இருக்கும். ஆனால் அதே தொப்பியை ஆவியை விரட்டும் உருவத்தின் தலையிலும் வைத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வராது. பீரங்கி வைத்திருப்பவன், மருந்து வைத்திருப்பவன், நோயைக் கொண்டுவந்து இறக்குபவன் எல்லாம் தொப்பிக்காரனே. ஆவியை மிரட்ட அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஹெந்தாப் படங்களில் நடுவில் நிற்கும் தியூசே என்னும் படைப்புக் கடவுளுக்கும் ஐரோப்பிய உடைதான். சுற்றிலும் கப்பல், கடிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி, மேசை, கரண்டி. தியூசே என்ற பெயரையே போர்ச்சுகீசியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

நோயாளி பிழைத்தால் உருவம் வீட்டில் இருக்கும். செத்துப்போனால் அதற்கு மரியாதை கிடையாது, காட்டில் வீசிவிடுவார்கள். வேலை செய்யாத கருவியை வைத்து என்ன செய்வது? இந்தக் கறாரான மனப்பான்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கரண்டிக்கு மூன்றாவது வேலை ஒன்று உண்டு, அதோடு அதன் தீவு வாழ்க்கை முடியும். சொந்தக்காரர் இறந்தால் அவர் ஆண்டு அனுபவித்த சாமான்களை உடைத்து, வளைத்து, நெளித்துச் சமாதியில் போடுவது மத்திய நிக்கோபார் வழக்கம். பானை உடையும், துணி கிழியும், கரண்டியின் காம்பு வளையும். செத்தவருடைய பொருளை இன்னொருவர் எடுத்துப் புழங்கக் கூடாது. எத்தனை ஜோடித் தேங்காய் கொடுத்து வாங்கியது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சமாதிக் கம்பைச் சுற்றி வெயிலிலும் மழையிலும் வெள்ளிப் பூச்சு உரிந்து, அடியில் இருக்கும் மஞ்சள் சாயல் வெளியே தெரியும்.

சமாதிக்குப் போகாமல் தப்பியவை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1858-ல் நோவாரா என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பல் ஒரு மாதம் இந்தத் தீவுகளைச் சுற்றிவிட்டுப் போனது. அது கொண்டுபோன நிக்கோபார் பொருள்கள் இன்றும் வியன்னாவில் இருக்கின்றன. மேன் திரட்டியவை இங்கிலாந்து போயின. 1901-ல் டபிள்யூ. எல். ஆபட் என்ற அமெரிக்கர் டெர்ராபின் என்ற பாய்க்கப்பலில் வந்து வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியனுக்காகச் சேகரித்தார். கூட வந்த பொடன் கிளாஸ் 1903-ல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். கரியாவை யார் செதுக்கியது, எந்த நோயாளிக்காக, அவர் பிழைத்தாரா என்று பெரும்பாலும் எவரும் குறித்துவைக்கவில்லை. கொடுத்தவர் பெயர் இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது.

இந்த உருவங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிப் பல ஆண்டு கழிந்த பிறகுதான் மேற்கத்திய ஓவியர்கள் இதே வேலைக்கு வந்தார்கள். பிக்காஸோ 1942-ல் சைக்கிள் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் சைட்ஸ் ஒரு பெரிய கண்காட்சி வைக்க, இந்த வேலைக்கு அசெம்பிளேஜ் என்ற பெயர் நிலைத்தது. இன்று கலைக் கல்லூரிகளில் பழைய சாவி, பொத்தான், உடைந்த கடிகாரச் சக்கரம், தகரம் ஆகியவற்றைப் பலகையில் பதித்து மாணவர்கள் செய்யும் வேலை அந்த வழியில் வந்தது. நிக்கோபார்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிக்காஸோவின் காளையில் இருக்கையை மறந்துவிட்டுக் கொம்பைப் பார்க்கிறோம். அதுதான் அதன் குறும்பு. கரியாவின் கழுத்தில் தொங்கும் கரண்டி கரண்டியாகவே இருக்க வேண்டும், வெள்ளைக்காரச் சாமானாகவே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஆவி பயப்படாது. இரண்டும் ஒட்டுவேலைதான், ஆனால் சேர்க்கும் காரணம் நேர் எதிர்.

தீவில் இந்தக் கலை மங்கியதில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. ஆங்கிலிகன் சபையின் உபதேசியாராக வேதப்பன் சாலமன் 1890-களில் கார் நிக்கோபார்த் தீவின் முஸ் கிராமத்துக்குப் போனார், பள்ளி நடத்தினார், ஆவி விரட்டும் சடங்குகளைக் கண்ணால் கண்டு நாட்குறிப்பில் எழுதினார். அதன் பகுதிகள் 1902-ல் லண்டன் மானிடவியல் இதழில் வெளியாயின. அவரிடம் படித்த ஜான் ரிச்சர்ட்சன் பிற்காலத்தில் ஆயராகவும், 1952-ல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் ஆனார். கார் நிக்கோபார் கிறிஸ்தவமானபோது ஆவியை விரட்டும் உருவங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான்கௌரிப் பக்கம் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது.

2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த சுனாமி அலை அங்கே வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் சேர்த்தே கொண்டுபோனது. டிரிங்கெட் என்னும் தீவு துண்டு துண்டாக உடைந்தது. பிழைத்தவர்கள் கமோர்ட்டாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அரசு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. வெயிலில் உள்ளே வெந்துபோகிறது என்ற புகார் உடனே கிளம்பியது. கடல் இப்போதும் பொருளைக் கரைசேர்க்கிறது, தேங்காய் கேட்காமலே: மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்திலிருந்து மிதந்து வரும் பிளாஸ்டிக் பாட்டில்கள்.

நிக்கோபார் உருவங்களை நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. செல்லுலார் சிறைக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் அங்கே எட்டிப் பார்த்தாலே அதிகம். நீங்கள் போனால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒட்டியது எது, கட்டியது எது, பதித்தது எது, ஒவ்வொன்றும் எந்தக் கரையிலிருந்து வந்திருக்கும் என்று பாருங்கள். விவரப் பலகை எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மரம், வண்ணம் என்று எழுதுவதோடு நிறுத்தாமல் சிப்பி, கண்ணாடி, உலோகம், துணி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். செய்தவர் அவற்றைத் தேடித்தான் சேர்த்தார். தீவுக்கே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியார் நிக்கோபார் பழங்குடிப் பகுதிக்குள் நுழைய முடியாது.