பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்

முடி வளர்ப்பதற்காக யாரும் மினாக்சிடிலைக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில் இருந்த அப்ஜான் கம்பெனியின் ரத்தக்கொதிப்பு மருந்து அது. இறுகிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, எதற்கும் மசியாத பிரஷரைக்கூட இறக்கிவிடும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சார்லஸ் சிட்சி இதை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடங்களில் எல்லாம் முடி முளைத்தது. 1971 வாக்கில், என்னவென்று பார்க்கச் சொல்லித் தோல் மருத்துவர் கின்டர் கானைக் கூப்பிட்டார்கள். கானும் அவருடன் பயிற்சியில் இருந்த பால் கிரான்டும் மருந்தைக் கரைத்துத் தங்கள் தோலிலேயே தடவிப் பார்த்தார்கள். தடவிய இடத்தில் முடி வந்தது. கம்பெனிக்கும் அவர்களுக்கும் காப்புரிமையில் தகராறு வந்து, பல வருட இழுபறிக்குப் பிறகு 1986-ல்தான் கானின் பெயர் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகப் பதிவானது.

மதுரையில் மருந்துக்கடை நடத்துகிறவன் நான். டி.ஃபார்ம் முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். வழுக்கைக்கு மருந்து கேட்டு வரும் இளைஞர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. பக்கவிளைவு என்றால் ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு வரும் தொல்லை என்று நினைக்கிறார்கள். தலைக்குத் தடவும் இந்த மருந்தின் பிறப்பே ஒரு பக்கவிளைவில்தான்.

லோனிடென் என்ற பெயரில் மாத்திரையாக அது 1979-ல் அனுமதி பெற்றபோது கடுமையான எச்சரிக்கையோடுதான் வந்தது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், இதயம் படபடக்கும், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேரலாம். அதனால் நீர் பிரியும் மாத்திரையும் படபடப்பை அடக்கும் மாத்திரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்றார்கள். தலையில் தடவும் 2 சதவீதக் கரைசலுக்கு 1988-ல் அனுமதி கிடைத்தது. 1996-ல் அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றானது.

இப்போது கதை திரும்பவும் மாத்திரைக்கே வந்திருக்கிறது. தோல் மருத்துவர்கள் பலர் முடிக்காக மிகக் குறைந்த அளவில் மினாக்சிடில் மாத்திரை எழுதுகிறார்கள். அளவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு, உண்மைதான். ஆனால் 1979-ன் எச்சரிக்கை செத்துப்போகவில்லை. கணுக்கால் வீங்கினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடத்தாலோ, சில நாளில் எடை திடீரென்று ஏறினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். நண்பனுக்கு எழுதிய சீட்டைக் காட்டி இந்த மாத்திரை கேட்பவருக்கு நான் கொடுப்பதில்லை.

தடவும் மருந்தை வாங்கியவர்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில் முகம் வாடித் திரும்பி வருவார்கள். “அண்ணே, போட ஆரம்பிச்சதுல இருந்து இன்னும் கூடக் கொட்டுது. நிறுத்திரட்டுமா?” நிறுத்த வேண்டாம் தம்பி என்பேன். ஓய்வில் இருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புது முடி கிளம்புகிறது. இந்தக் கொட்டல் சில வாரங்களில் நிற்கும். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். தலை அரித்து, சிவந்து, செதில் செதிலாக உரிந்தால் அது வேறு. பெரும்பாலும் கரைசலில் கலந்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் வேலை. அது சேராத நுரை வடிவம் 2006-ல் வந்தது. அதற்கு மாற்றினால் பலருக்கு அரிப்பு போய்விடுகிறது.

அடுத்தது வழுக்கைக்கான இன்னொரு மருந்து, ஃபினாஸ்டிரைடு. இதன் தொடக்கம் கரீபியன் கடலில், டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தை போலவே இருப்பார்கள், பெண்ணாகவே வளர்ப்பார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டி உடல் ஆணாக மாறும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி அங்கே போய் ஆராய்ந்து 1974-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. பெரியவர்களான பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, தலை வழுக்கையாகவில்லை. மெர்க் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ராய் வாகலோஸ் இதைப் பிடித்துக்கொண்டார். அந்த நொதியை மருந்தால் அடக்கினால் என்ன?

புராஸ்டேட் வீக்கத்துக்கான 5 மில்லிகிராம் மாத்திரை 1992-ல் வந்தது. வழுக்கைக்கான 1 மில்லிகிராம் மாத்திரை 1997 டிசம்பரில். நம் நாட்டில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்பதால், இங்குள்ள கம்பெனிகள் குறைந்த விலையில் தயாரித்தன.

இந்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் வரலாறுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொடி எழுத்து; வாங்குகிறவர்கள் கடை வாசலிலேயே கசக்கி எறிந்துவிடுகிறார்கள். முதன்முதலில் அமெரிக்காவில் வந்த தாளில் பாலுறவு நாட்டம் குறைந்தவர்கள் 1.8 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் என்று இருந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தது. பிறகு, நிறுத்தியும் சரியாகவில்லை என்று இளைஞர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நம்ப ஆளில்லாமல் வருடங்கள் போயின. 2011-லும் 2012-லும்தான் ‘நிறுத்திய பிறகும் தொடரலாம்’ என்ற வாசகங்களும் மனச்சோர்வும் அமெரிக்கத் தாளில் ஏறின. 2022-ல் தற்கொலை எண்ணத்தையும் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். 2025-ல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் அதை உறுதிசெய்தது. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு புது வரிக்கும் பின்னால், கூச்சத்தை விட்டு வாயைத் திறந்து சொன்ன நோயாளி ஒருவர் இருக்கிறார்.

இதில் சங்கடமான ஒன்றும் உண்டு. 2007-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு. புராஸ்டேட் நோயாளிகள் எல்லோருக்கும் 5 மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் பாலுறவுச் சிக்கல் வரலாம் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், மீதிப் பேரிடம் சொல்லவில்லை. ஓராண்டில், சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். சொன்னதே பாதி வியாதியைக் கொண்டுவருகிறது. அப்படியானால் சொல்லாமல் விடலாமா? கூடாது என்பதுதான் என் முடிவு. பயமுறுத்தாமல், ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது, அதில் மிகச் சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடிக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்; வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் சில. விலை குறைகிறது என்று 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி வீட்டில் பிளேடால் நாலாக வெட்டுகிறார்கள். மேல்பூச்சு உடைந்து தூள் மேசையில் சிதறும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தூளை அவர் தொடவே கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மாத்திரை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்த தானம் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த மருந்து புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். டாக்டருக்குச் சொல்லாவிட்டால் புராஸ்டேட் புற்றுநோயின் அறிகுறி கண்ணில் படாமல் போகலாம். முடிக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் 2023-ல் ஒரு கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது. விசாரித்தால், விடுப்பில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்ட தகப்பன் தலைக்கு 5 சதவீத மினாக்சிடில் தடவிக்கொண்டிருந்தார். அவர் தடவுவதை நிறுத்தியதும் குழந்தையின் முடியும் உதிர்ந்துவிட்டது. அங்குள்ள மருந்துக் கண்காணிப்பு மையம் தேடிப் பார்த்தபோது ஐரோப்பாவில் இப்படி இன்னும் சில குழந்தைகள் இருந்தது தெரிந்தது. மருந்து தடவிய இடம் குழந்தை மேல் படக் கூடாது, தடவிய கையைக் கழுவ வேண்டும் என்ற வரி மினாக்சிடில் தாளில் ஏறியது. ஒரு வீட்டார் சொன்னதால் நடந்தது இது.

நம் நாட்டிலும் சொல்ல இடம் இருக்கிறது. மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ல் தொடங்கியது. காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்துக் குறியீட்டு ஆணையம் நடத்துகிறது. டாக்டர்தான் புகார் எழுத வேண்டும் என்றில்லை, மருந்து சாப்பிட்டவரே சொல்லலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. உங்களுக்கு ஏதாவது ஆனால் டாக்டரைப் பார்த்த கையோடு அந்த எண்ணுக்கும் கூப்பிடுங்கள். மாத்திரையின் பெயர், கம்பெனி, பெட்டியின் பேட்ச் எண், தொடங்கிய தேதி, தொல்லை வந்த தேதி எல்லாம் கையில் இருந்தால் போதும். அதற்காகவாவது பெட்டியையும் உள்ளே இருக்கும் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.