கிடையில் விழுந்த ஆடு

விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் மானாவாரிப் பூமி. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் மிளகாயும் பருத்தியும். மழை பொய்த்த ஆண்டிலும் கைவிடாதது ஆடு. அறுவடை முடிந்த நிலத்தில் இரவு கிடை போட்டு, புழுக்கையையும் மூத்திரத்தையும் உரமாகக் கொடுத்து, நிலத்துக்காரரிடம் நெல்லோ பணமோ பெறுவது இங்கே நெடுங்காலத் தொழில். ஒரே கிடையில் பல வீட்டு ஆடுகள் சேர்ந்திருக்கும். அத்தனைக்கும் பொறுப்பு தலைமை மேய்ப்பரான கீதாரி. விடிந்ததும் ஓர் ஆடு செத்துக் கிடந்தால் ஆட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கடித்தது எது என்று காணும் திறமை அந்தப் பொறுப்பிலிருந்து வளர்ந்தது. மறு இரவின் காவலும் அதைப் பொறுத்ததுதான். நரி என்றால் குட்டிகளைக் குடாப்புக் கூண்டுக்குள் அடைத்தால் போதும். ஓநாய் என்றால் கிடையையே வேறு காட்டுக்கு மாற்ற வேண்டும். ஊர் நாய் என்றால் நாய்க்காரரிடம் பேச வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாட்டு வறண்ட சமவெளிகளில் சந்தேகப்பட வேண்டிய விலங்குகள் பல இருந்தன. நரி, ஓநாய், கழுதைப்புலி, காட்டுப்பூனை, மலையடிவாரத்தில் சிறுத்தை. ஒவ்வொன்றும் கடிக்கும் விதம் வேறு. சிறுத்தை கழுத்தைக் கவ்வி மூச்சை அடைக்கும். பிறகு ஆட்டை மறைவிடத்துக்கு இழுத்துப் போகும். ஓநாயும் குரல்வளையைத்தான் பிடிக்கும், ஆனால் வளர்ந்த ஆட்டையே தூக்கும் வலு அதற்கு உண்டு. நரியின் எடை 8 முதல் 10 கிலோதான். 25 கிலோவைத் தாண்டிய ஒரு வேம்பூர் இன ஆட்டை ஒற்றை நரி சாய்ப்பது அரிது. அது தேடுவது குட்டியை, ஈனும் நேரத்துத் தாயை, நோயில் படுத்ததை. அதன் பல்தடங்கள் நெருங்கியும் சிறுத்தும் இருக்கும், வயிற்றின் மெல்லிய பகுதி முதலில் திறந்திருக்கும். கழுதைப்புலி பெரும்பாலும் செத்ததைத் தின்பது. வலிய தொடையெலும்பு உடைந்து கிடந்தால் அது வந்து போயிருக்கிறது என்று பொருள். அதுவே கொன்றது என்று பொருள் அல்ல.

நாயின் வேலை இவை எதிலும் சேராது. பசிக்காகக் கொல்லும் விலங்கு பெரும்பாலும் ஒன்றிரண்டோடு நிற்கும். கூட்டமாகப் புகும் நாய்கள் பட்டியையே கலைத்துவிடும். தொடை, விலா, காது, வால் என்று கண்ட இடத்தில் கடி விழும். பத்து ஆடு செத்தாலும் தின்றது கொஞ்சமாக இருக்கும். பிழைத்தவை கிழிந்த தோலோடு நடுங்கி நிற்கும். மண்ணில் பதிந்த தடமும் உதவும். பூனையினம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் சிறுத்தையின் தடத்தில் நகக்குறி விழாது, நாய்க்கும் நரிக்கும் விழும். நரியின் நடுவிரல் மெத்தைகள் இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். நாய்க்கு அவை தனித்தனி.

ஆனாலும் பழி நரி மேலேயே விழுந்தது. பாண்டிய நாட்டின் புகழ்பெற்ற கதையிலேயே அது குற்றவாளி. குதிரையாக்கப்பட்ட நரிகள் இரவில் பழைய உருவம் கொண்டு லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறியதாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. ஊரை ஒட்டி வாழ்வதும் இரவெல்லாம் ஊளையிடுவதும் செத்ததைத் தின்ன முதலில் வருவதும் நரி என்பதால், பார்த்தவர்கள் கண்ணில் அதுதான் பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவில்லை. 1870களிலிருந்து வனவிலங்குகளால் செத்த மனிதர்கள், கால்நடைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் தொகுக்கப்பட்டது. சென்னை மாகாணம் உட்படப் பல இடங்களில் விலங்குகளைக் கொன்றவருக்கு வெகுமதியும் கிடைத்தது. அதற்குச் சான்றாகக் கேட்கப்பட்டது கொல்லப்பட்ட விலங்கின் தோலோ தலையோ. செத்த ஆட்டின் காயத்தை எந்த அலுவலகமும் கேட்கவில்லை. கொல்லப்பட்ட ஓநாய்தான் ஆட்டைத் தின்றதா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கீதாரி நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி அது.

அந்தக் கேள்வியை மருத்துவம் கையில் எடுத்தது பின்னால். 1903ல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1932ல் ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. கொள்ளை நோய்களைப் பிரித்தறியும் அறிவு பரவியதும், விலங்கின் மேல் எழுதப்பட்ட பல சாவுகளுக்கு வேறு காரணம் தெரிந்தது. முதல் மழைக்குப் பிந்தைய இளம்புல்லைத் தின்ற கொழுத்த குட்டி துள்ளுமாரி நோயில் ஓர் இரவில் செத்துவிடும். விடிவதற்குள் நாயோ நரியோ வயிற்றைத் திறந்திருக்கும். 1987ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் இந்தியாவிலேயே முதன்முதலாக உறுதியான ஆட்டுக்கொல்லி நோயும் மந்தைகளைச் சாய்த்து, செத்ததைத் தின்னும் விலங்குகளுக்கு இரை போட்டது.

கொன்றதையும் தின்றதையும் பிரிக்கும் முறை எளியது. கழுத்துத் தோலை உரித்துப் பார்க்க வேண்டும். உயிரோடு கடிபட்டிருந்தால் பல்துளையைச் சுற்றித் தசையில் இரத்தம் கன்றிக் கட்டியிருக்கும். செத்த பிறகு கடிபட்டிருந்தால் துளை இருக்கும், இரத்தக்கட்டு இருக்காது. பிறந்த குட்டியானால் நுரையீரல் துண்டைத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் மூச்சு விட்டது, மூழ்கினால் செத்தே பிறந்தது. குளம்பின் மென்படலம் தேயாதிருந்தால் அது ஓரடிகூட நடக்கவில்லை. வயிற்றில் திரிந்த பால் இருந்தால் தாயிடம் ஊட்டியது. ஆஸ்திரேலியாவில் இயன் ரௌலி இவ்வகைக் காயங்களை ஆராய்ந்து 1970ல் விரிவாக எழுதினார். ஒரே ஒரு எச்சரிக்கை: மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம், அந்த உடலை அறுக்கக் கூடாது.

இதற்குள் காடே மாறிவிட்டது. சமவெளிப் புல்தரை சுருங்கியது, சீமைக்கருவேலம் தரிசையும் கண்மாயையும் மூடியது. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓநாயைக் கொல்லத் தடை விதித்தது. அதற்குள் அது இந்தச் சீமையில் அரிதாகிவிட்டது. செத்த மாட்டை ஒரு பொழுதில் எலும்பாக்கிய பிணந்தின்னிக் கழுகுகள், மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தால் பெருமளவு அழிந்தன. 2006ல் கால்நடைக்கு அதைக் கொடுக்கத் தடை வந்தும் தமிழகத்தில் அவை பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டன. அவை விட்டுப்போன விருந்து நாய்களுக்குப் போனது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இன்றும் சிறுத்தையைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. நரிக்குடிச் சமவெளியில் அந்த நியாயம் குறைவு. செய்தித்தாள்களின் ‘மர்ம விலங்கு’ பல இடங்களில் கடைசியில் நாயாகவே முடிந்திருக்கிறது.

2024, 2025ல் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் நாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றபோது, விவசாயிகள் செத்த ஆடுகளோடு தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதுவரை இழப்பீட்டுக்கு வழியிருந்தது வனவிலங்கு கொன்ற ஆட்டுக்குத்தான். நாய் கடித்ததற்கும் தர 2025ல் அரசு முன்வந்தது. இதனால் காயத்தைப் படிக்கும் வேலைக்கு முன்னில்லாத மதிப்பு வந்திருக்கிறது. உடலை அப்புறப்படுத்தாமல், காக்கையும் நாயும் தொடாதபடி சாக்கால் மூடி, படம் எடுத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைப்பது ஆட்டுக்காரரின் பங்கு. சித்திரை வெயிலில் உடல் சீக்கிரம் ஊதிவிடும், இரத்தக்கட்டும் அழுகலும் ஒன்றுபோல் தெரியத் தொடங்கும். மதியத்துக்கு முன் உரித்துப் பார்த்தால்தான் அறிக்கையில் எழுதும் பெயர் நிலைக்கும்.