கடன் கிடையாது: ராச்டேல் மளிகைக்கடை

போன வருஷம் சம்பளம் குறைஞ்சப்போ நான் முதல்ல கை வெச்சது மளிகை லிஸ்ட்லதான். முந்திரி போச்சு, நெய் போச்சு. பில் மட்டும் பெருசா குறையலை. அந்தக் கடுப்பில் இருந்தப்போதான் ராச்டேல் பத்திப் படிச்சேன்.

இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கத்து நெசவு ஊர். விசைத்தறி வந்ததும் கைத்தறிக்காரர்களின் கூலி சரிந்தது. பலருக்குக் கடையில் கடன் சொல்லித்தான் சாப்பாடு. கடன் இருந்தா கடையை மாத்த முடியாது. எடை குறைஞ்சாலும் சரி, ரொட்டி மாவில் படிகாரம் கலந்திருந்தாலும் சரி, வாயைத் திறக்க முடியாது.

28 பேர் வாரா வாரம் சில பென்னி போட்டு 28 பவுண்டு சேர்த்தாங்க. 1844 டிசம்பர் 21, டோட் லேன் தெருவில் கடை திறந்தது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் சரக்கு! விலையும் ஊர் விலைதான். ஆனா லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினாங்களோ அந்தக் கணக்கில் திருப்பிக் கொடுத்தாங்க.

ஒரு கண்டிப்பு: கையில காசு, வாயில தோசை. கடன் கிடையாது. இதுதான் எனக்கு உறுத்துது. கடன் இல்லாம அன்னிக்கு அடுப்பே எரியாத வீடு அந்தக் கடைக்கு எப்படிப் போகும்?

1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் நம்ம டியூசிஎஸ் கூட்டுறவுக் கடை தொடங்கினதும் ராச்டேல் வழியிலதான்.

போன மாசம் எங்க மாடியில மூணு வீடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கினோம். எதிர்வீட்டு அக்கா, “ஒண்ணாம் தேதி தரேன்பா”ன்னாங்க. சரிக்கான்னு அளந்து கொடுத்துட்டேன்.