பூப்பந்தும் இறகுப்பந்தும்: ஒரு புல்வெளி ஆட்டத்தின் இரு கிளைகள்

மாளிகைத் தோட்டத்துப் புல்தரையில் குடும்பத்தாரும் விருந்தினரும் ஆண், பெண் வேறுபாடின்றிக் கூடியாடிய ஆட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்திலும் ஆங்கிலேயர் தங்கிய இந்திய நகரங்களிலும் பெருகின. அவற்றுள் பாட்மின்டனின் தோற்றக் கதை பலராலும் திரும்பத் திரும்பக் கூறப்படுவது. 1873இல் போஃபர்ட் கோமகனின் பாட்மின்டன் மாளிகையில் நடந்த விருந்தொன்றில் இவ்வாட்டம் அறிமுகமாகி, அம்மாளிகையின் பெயரையே பெற்றது என்பது அக்கதை.

இக்கூற்று ஆய்வுக்கு நிற்பதன்று. இலண்டன் விளையாட்டுப் பொருள் வணிகரான ஐசக் ஸ்பிராட் 1860இலேயே இப்பெயர் தாங்கிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டதாகத் தெரிகிறது; நூற்படி கிடைக்கவில்லை. 1863இல் கார்ன்ஹில் இதழ், தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் கட்டிய கயிற்றின் இருபுறமும் அணியாக நின்று இறகுப்பந்தை அடிக்கும் ஆட்டமாக இதனை விளக்கியுள்ளது. ஆகவே 1873ஆம் ஆண்டின் விருந்து ஆட்டத்தைப் பிறப்பித்திருக்க இயலாது.

இந்தியாவின் பங்கு வேறு வகையினது. பூனாவில் தங்கியிருந்த ஆங்கிலப் படை அலுவலர்கள் இவ்வாட்டத்தில் பெரிதும் ஈடுபட்டனர். ‘பூனா’ என்பதே ஆட்டத்தின் மற்றொரு பெயராகவும் வழங்கியது. முதல் விதிகள் அங்கு வகுக்கப்பட்டன என்பர். அதற்கு 1867, 1873 என இரு ஆண்டுகள் கூறப்படுகின்றன. தாயகம் திரும்பிய அலுவலர்கள் 1875 அளவில் ஃபோக்ஸ்டனில் மன்றம் கண்டனர்.

திறந்தவெளியில் இவ்வாட்டத்திற்குப் பெருந்தடை காற்றே. ஐந்து கிராம் அளவே எடையுள்ள இறகுப்பந்து இளங்காற்றிலும் திசைமாறும். மழை ஈரத்தில் இறகு கெடும். எனவே காற்றும் ஈரமும் மிக்க நாள்களில் கம்பளி நூற்பந்து கொண்டு ஆடுவதும் இந்தியாவில் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தோடு தஞ்சாவூரின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. தஞ்சை அரச குடும்பத்தார் 1856ஆம் ஆண்டளவில் பூப்பந்து ஆடினர் என்னும் செய்தி விளையாட்டு நூல்களில் சான்று காட்டப்படாமலே இடம்பெறுகிறது. அவ்வாண்டு எத்தகையது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855இல் மறைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைத் தனதாக்கிக்கொண்டு, 1856இல் அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றியது. அரசி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1859இல் கம்பெனிக்குச் சார்பாகவே முடிந்தது. இத்தகைய காலத்தில் அரண்மனைத் தோட்டத்தில் ஆட்டம் நிகழ்ந்திருக்க முடியாது என்று கூறுவதற்கில்லை. எனினும் அவ்வாண்டைத் தோற்ற ஆண்டாக உறுதி செய்வதற்கு அரண்மனை ஆவணச் சான்று இன்றியமையாதது. போஃபர்ட் விருந்தை ஐயுறும் ஆய்வாளர் தஞ்சைச் செய்தியை மட்டும் ஐயமின்றி ஏற்பது முறையாகாது.

காற்றால் எழுந்த சிக்கலுக்கு இரு தீர்வுகள் கிடைத்தன. இங்கிலாந்தில் ஆட்டம் கூரையின்கீழ்ச் சென்றது. வலையருகே இடுங்கி உடுக்கை போல் அமைந்திருந்த ஆடுகளம் 1901இல் நீள்சதுரமாயிற்று. 1893இல் அமைந்த சங்கம் விதிகளை ஒழுங்குபடுத்தியது. தென்னிந்தியாவில் பந்து மாறியது. களம் வெளியிலேயே நின்றது. 27 முதல் 30 கிராம் எடையுள்ள மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள களம், அணிக்கு ஐவர் என்னும் அமைப்பு ஆகியன இன்றைய பூப்பந்திற்கு உரியன. கூடமோ விளக்கோ தேவைப்படாமையால், பள்ளித் திடலிலும் ஊர்ப் பொதுவெளியிலும் செலவின்றி இது வேரூன்றியது. மாளிகைப் புல்தரையில் பிறந்த ஆட்டம் மண்தரைக்கு வந்ததே இதன் வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. இந்தியக் கூட்டமைப்பு 1954இல் உருவாயிற்று. ஆந்திர வீரர் ஜெ. பிச்சையா 1970இல் அருச்சுனா விருது பெற்றார்.

தமிழ் வழக்கில் பூப்பந்து, இறகுப்பந்து எனத் தனித்தனிப் பெயர்கள் இருப்பது இக்கிளைகளின் பிரிவைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘பால் பாட்மின்டன்’ என்னும் அடைமொழிப் பெயர், பூப்பந்தை மற்றதன் ஒரு வகை போலத் தோன்றச் செய்கிறது. உலகப் பாட்மின்டன் கூட்டமைப்பு 2019இல் மென்காற்றைத் தாங்கும் புதிய பந்தை உருவாக்கி, ‘ஏர் பாட்மின்டன்’ என்னும் பெயரில் ஆட்டத்தை மீண்டும் வெளிக்களத்திற்குக் கொணர்ந்தது. தென்னிந்தியத் திடல்களில் கம்பளிப் பந்து அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே காற்றில் ஆடப்பட்டு வந்தது.