உறைபனி இல்லாத ஊரில் உறைபனி மூடி

சிவகாசியிலிருந்து தீப்பெட்டியும் பட்டாசும் ஏற்றிச் செல்லும் பழைய லாரியின் எஞ்சினை உற்று நோக்கியிருக்கிறீர்களா? வார்ப்பிரும்பு உடலின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகள் சில தெரியும். பட்டறைகளில் இவற்றை ‘வெல்ஷ் பிளக்’ என்பர். குளிர்நாடுகளில் ‘உறைபனி மூடி’ என்று பொருள்படும் பெயரும் உண்டு. விருதுநகர் வெயிலில் தண்ணீர் உறைவதேது? பின் இம்மூடிக்கு இங்கு என்ன வேலை?

விடை வார்ப்படச் சாலையில் இருக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளை அமைக்க, மணலால் உருச் செய்து அச்சினுள் வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மணலை வெளியேற்றத் துளைகள் வேண்டும். அத்துளைகளை அடைப்பவையே இம்மூடிகள்.

முதலில் மரையிட்ட திருகு மூடிகளே இருந்தன. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெல்ச் சகோதரர்கள் மோட்டார் கார் செய்து வந்தனர். ஒருநாள் வழியில் திருகு மூடி கழன்று விழவே, நாணயம் ஒன்றைத் துளையில் வைத்து அடித்து இறுக்கி வீடு திரும்பினார்கள் என்றொரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் தத்துவம் எளியது. சற்றே குவிந்த தகட்டின் நடுவில் அடித்தால் அது தட்டையாகும். விளிம்பு விரிந்து துளையில் இறுகும். துளையைவிட இம்மியளவு பெரிதான கிண்ண வடிவ மூடிகளும் புழக்கத்தில் உள்ளன.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அப்போது மூடி பிதுங்கி வெளியேறுவதுண்டு. பெயர் வந்த காரணம் இதுவே. ஆனால் மூடி இருந்தும் பிளந்த எஞ்சின்கள் உண்டு!

நம் பக்கத்துப் பகைவன் துரு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று, லாரிகள் பெருகின. ரேடியேட்டரில் கிணற்று நீரை ஊற்றினால், அதிலுள்ள உப்பு மெல்லிய எஃகு மூடியை உள்ளிருந்தே அரிக்கும். ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் ஒழுகி, எஞ்சின் கொதிக்கும்; சிலிண்டர் ஹெட் வளையும். பட்டாசுப் பாரத்துடன் வண்டி நடுவழியில் நிற்பதும் நல்லதன்று.

மூடியை மாற்றுவது கடினமன்று. எஞ்சின் குளிர்ந்தபின் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பழைய மூடியின் ஓரத்தில் தட்டினால் அது புரளும், குறட்டால் இழுத்தெடுக்கலாம். உள்ளே விழவிடக் கூடாது. துளையின் விளிம்பைத் தேய்த்துத் துருநீக்கி, பசை தடவி, சரியான அளவுள்ள புதிய மூடியைக் கோணாமல் அடித்திறக்க வேண்டும். ஒன்று அரித்துவிட்டால் மற்றவையும் அரித்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. பித்தளை மூடி எளிதில் துருவேறாது.

துருத்தடுப்பு மருந்து கலந்த கூலன்ட் பனிநாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்குமல்லவா?